குறிஞ்சியிற் கண்ட பாலை

ஐந்திணை நெறியை வகுப்பிற் கற்பிக்கும் ஆசிரியர் எவர்க்கும் ஆண்டுதோறும் தவறாமல் வந்து வாய்க்கும் வினா ஒன்றுண்டு. முல்லைக்குக் காடு, குறிஞ்சிக்கு மலை, மருதத்துக்கு வயல், நெய்தலுக்குக் கடல் என்று கரும்பலகையில் எழுதிக்கொண்டு வரும்போது, "பாலைக்கு எது நிலம், ஐயா?" என்று ஒரு பிள்ளை எழுந்து கேட்கும். நாம் வாய் திறக்குமுன்னரே அடுத்த வாங்கிலிருந்து "பாலைவனம்" என்று விடையும் வந்துவிடும். உடனே ஒட்டகமும் பேரீந்தும் மணற்குன்றும் வகுப்பறைக்குள் நுழைந்துவிடும். அவற்றை வெளியேற்ற அன்றைய பாடவேளை முழுவதும் போதாது.

அரேபிய நாட்டிலும் சகாராவிலும் காணும் மணற்கடல் பழந்தமிழகத்தில் இல்லை. தொல்காப்பியர் நான்கு திணைகளுக்கு நிலமும் தெய்வமும் வகுத்தார். பாலையை நடுவுநிலைத் திணை எனக் குறித்து, அதற்கெனத் தனி நிலம் வகுக்காது விட்டார். முல்லையும் குறிஞ்சியும் வேனிலின் கொடுமையால் தத்தம் இயல்பு கெட்டு நிற்கும் நிலையே பாலையாம் என்பதை இளங்கோவடிகள் காடுகாண் காதையிலே தெளிவுறுத்தினார். ஆகவே பாலை என்பது ஓர் இடத்தின் பெயரன்று. இடத்துக்கு நேர்ந்த நிலையின் பெயர். அதன் உரிப்பொருளோ பிரிதலும் பிரிதல் நிமித்தமுமாம்.

இன்னொரு செய்தியும் உண்டு. வேனிலையும் நண்பகலையும் பாலைக்கு உரிய பொழுதுகளாகக் கூறிய தொல்காப்பியர், பின்பனிக் காலமும் அதற்கு உரியதே என்றார். வெயிலுக்கு உரிய திணைக்குப் பனி எங்ஙனம் உரியதாகும்? இதற்கு நூலினின்று விடை கூறலாம். நிலத்தினின்று விடை காண்பது வேறு. அவ்வாறு காணும் வாய்ப்பு, அன்பர் மூவரோடு கழித்த ஒரு பகற்பொழுதில் எனக்குக் கிட்டியது.

2024ஆம் ஆண்டு மாசித் திங்களின் முதற் சனிக்கிழமை அது. எங்கள் பாடசாலைத் தாவரவியல் ஆசிரியரும், கணித ஆசிரியரும், தோட்டத்துக் கூத்து வாத்தியார் ஒருவரும், நானுமாக நால்வர் ஹோட்டன் சமவெளி காணப் புறப்பட்டோம். கணித ஆசிரியர் தோட்டத்து லயத்திற் பிறந்து வளர்ந்து பட்டம் பெற்றவர். கூத்து வாத்தியார் எங்களுள் மூத்தவர். மாசி அமாவாசை கழிந்த மூன்றாம் பிறையிலே காமன் ஊன்றிக் கூத்துத் தொடங்கிவிட்டால் அவரை வேறெங்கும் அழைத்துச் செல்ல இயலாது. ஆதலின் அதற்கு முன்னே நாள் குறித்தோம்.

அட்டனிலிருந்து வைகறைக்கு முன் புறப்பட்ட வான் தலவாக்கலையையும் நானுஓயாவையும் இருளிலேயே கடந்தது. நுவரெலியாவிற் கடைகள் திறந்திருக்கவில்லை. அம்பேவலையை அடைந்தபோதுதான் பசும்புற்றரைகளும் காற்றாலைகளும் சாம்பல் நிறத்தில் உருப்பெற்றன. இலங்கையின் மிக உயர்ந்த புகையிரத நிலையமாகிய பட்டிப்பொலையைத் தாண்டியதும் பாதை காட்டினுள் ஏறிற்று. பூங்காவின் வாயிலிலே காவலர் எங்கள் பைகளைத் திறந்து பார்த்தனர். பொலித்தீன் ஒன்றும் உள்ளே செல்லலாகாது. இதனை முன்பே அறிந்த கணித ஆசிரியரின் மனைவியார் ரொட்டியையும் கட்டைச் சம்பலையும் வாழையிலையிற் பொதிந்து தந்திருந்தார். "சுரம் போகிறவர் கொண்டுசெல்லும் கட்டுச்சோறு, பண்டிதர்! உங்கள் பாலைக்கு இலக்கணம் பிழைக்கவில்லை" என்று தாவரவியலார் நகைத்தார்.

காட்டு மரங்கள் திடீரென விலகின. எதிரே அலை அலையாக விரிந்த புல்வெளி. கடல்மட்டத்துக்கு மேல் 2,100 மீற்றருக்கு அதிகமான உயரத்திலே, மலைமுடிகளுக்கு நடுவே, ஏறத்தாழ 3,160 எக்டேர் பரப்பினதாகிய பூங்கா இது. மகா எலிய என்று சிங்கள மக்கள் வழங்கிய இவ்வெளிக்கு, 1831 முதல் 1837 வரை ஆளுநராக இருந்த வில்மட் ஹோட்டனின் பெயரை ஆங்கிலேயர் சூட்டினர். 1969இல் வனவிலங்குச் சரணாலயமாகவும், 1988இல் தேசியப் பூங்காவாகவும் ஆயிற்று. 2010இல் மத்திய மலைநாட்டின் ஏனைய காடுகளோடு உலக மரபுரிமையாக ஏற்கப்பட்டது.

நாங்கள் இறங்கியபோது புல்லின் நுனியெல்லாம் வெண்மையாயிருந்தது. இரவிலே நீர் உறையும் அளவுக்குக் குளிர் இறங்கும் மாதங்கள் இவை. கதிரவன் மேலெழ எழ அவ்வெண்மை கரைந்தது. கரைந்த இடத்தில் நான் கண்டது பசுமையன்று, கருகிய செம்பழுப்பு. தீயிற் பொரிந்ததுபோல் தாள்கள் சுருண்டிருந்தன. தாவரவியலார் ஒரு தாளைப் பறித்து என் உள்ளங்கையில் வைத்தார். "வெயில் சுடுவது நீரை ஆவியாக்கி. பனி சுடுவது இலையின் உள்ளிருக்கும் நீரை உறைய வைத்து. இலைக்கு இரண்டும் ஒன்றுதான்" என்றார். பின்பனியும் பாலைக்கு உரித்தென்ற விதி, அச்சிறு தாளிலே எழுதப்பட்டிருப்பதாக எனக்குத் தோன்றிற்று. தொல்காப்பியர் இத்தகைய மலைவெளியை மனத்துட் கொண்டு அவ்விதியைச் செய்தார் என்று சாதிக்க நான் முற்படவில்லை. ஆயினும் பனியும் சுடும் என்பதை அறிந்த ஒரு மரபே அதனை வகுத்திருக்கும் என்று கூறத் தடையில்லை.

பார்வையாளர் கூடத்தருகே வாழையிலையைப் பிரித்தோம். குளிரில் இறுகிய ரொட்டி. மிளகாயும் வெங்காயமும் மாசியும் இடித்த சம்பல். எனக்கு மட்டும் மாசி இடாமற் செய்த தனிப்பொதி. குடுவையிலிருந்து ஆவி பறக்க வார்த்த வெறுந்தேநீரை, கித்துள் கருப்பட்டியைக் கடித்துக்கொண்டு பருகினோம். சற்றுத் தொலைவில் மரை ஒன்று தலை நிமிர்த்தி எங்களை நோக்கிவிட்டு மீண்டும் மேயலாயிற்று. சங்கப் புலவர் பாடிய அதே பெயரால் அவ்விலங்கை இன்றும் ஈழத்தார் அழைக்கின்றனர்.

உணவுக்கிடையே சொற்போர் மூண்டது. "இங்கே ஆண்டுக்கு 2,000 மில்லிமீற்றருக்கு மேல் மழை பெய்கிறது. மகாவலி, களனி, வளவை என்ற மூன்று பேராறுகளும் இந்த உச்சியிலிருந்து நீர் பெறுகின்றன. நாட்டின் தண்ணீர்ச் சாடியைப் பாலை என்றால் யார் ஒப்புவார்?" என்றார் தாவரவியலார். அவர் அதனோடு நிற்கவில்லை. ஓடைக் கரையிற் காட்டுச் சரிவை நோக்கி நடத்திச் சென்று, ஆள் உயரத்துக்குச் சற்று மேற்பட்ட புதர் ஒன்றைக் காட்டினார். "இது நெலு. உங்கள் குறிஞ்சிப்பூவின் இனம். நீலகிரியில் 2006இலும் 2018இலும் மலர்ந்ததே, அதே குடும்பம். இதன் இனங்களுட் சிலவும் பன்னிரண்டு ஆண்டு அளவில் ஒருமுறை கூட்டமாகப் பூத்து, விதை சிந்தி மடிகின்றன. குறிஞ்சி பூக்கும் இடத்தைக் குறிஞ்சி என்றே சொல்லிவிடுங்கள்!"

வாதம் வலியது. ஆனால் அப்புதருக்கு மேலே நான் கண்ட காட்சி வேறு வாதம் புரிந்தது. காட்டின் விளிம்பில் ஒரு தொகுதி மரங்கள் நின்றபடியே பட்டுப்போயிருந்தன. இலை ஒன்றும் இல்லை. பாசி படிந்த எலும்புக் கூடுகளாய் நின்றன. இம்முகிற்காட்டிலே மரங்கள் கூட்டங் கூட்டமாக இவ்வாறு மடிவதைப் பல பத்தாண்டுகளாக ஆய்வாளர் கவனித்து வருகின்றனர். மண், நீர்ப்பற்றாக்குறை, தாழ்நாட்டிலிருந்து காற்றேறி வரும் மாசு எனப் பல காரணங்கள் ஆராயப்பட்டுள்ளன. புல்வெளியிலோ மஞ்சட்பூவோடு கூடிய அயல்நாட்டு முட்செடி பற்றிப் பரவியிருந்தது. ஐரோப்பாவிலிருந்து வெள்ளையர் கொணர்ந்த உலெக்ஸ் என்ற செடி அது. முற்காலத்தில் இவ்வெளியில் யானைகள் திரிந்தன. சாமுவேல் பேக்கர் முதலிய வேட்டைக்காரரின் காலத்துக்குப்பின் அவை இங்கில்லை. குறிஞ்சிக்கு உரிய கருப்பொருள்களுள் யானை முதன்மையானது. யானை அகன்று, மரம் பட்டு, முள் பெருகி நிற்கும் நிலத்தைத் தம் இயல்பு கெட்ட குறிஞ்சி என்னாது வேறென் சொல்வது? "தண்ணீர்ச் சாடிதான். ஆனால் கீறல் விழுந்த சாடி" என்று நான் மறுமொழி கூறியபோது தாவரவியலார் மறுக்கவில்லை.

பேக்கர் பெயரால் வழங்கும் அருவியைக் கண்டபின் உலக முடிவை அடைந்தோம். நிலம் அங்கே ஒரே வெட்டில் முடிகிறது. ஏறத்தாழ 870 மீற்றர் கீழே, மதியத்துக்கு முன் மூடுபனி ஏறிவந்து மறைத்துவிடாத சிறு பொழுதிலே, தேயிலைத் தோட்டம் ஒன்று பச்சைப் பாயாகத் தெரிந்தது. லயக்கூரைகளும் ஒரு கோயிற் கோபுரமும் விரல்நுனியளவாய்த் தோன்றின. ஒப்பற்றது என்னும் பொருள்பட 'நொன்பரேல்' என்று துரைமார் பெயரிட்ட தோட்டம் அது. எங்கள் மக்கள் அதனை 'நன்பேரியல்' என்று சொல்லக் கேட்டிருக்கிறேன். பொருள் தெரியாத ஒரு பிறமொழிச் சொல்லை எடுத்து, நன்மையும் பெருமையும் இயல்பும் ஒருங்கே அமைந்த தமிழ்ச்சொல்லாக வனைந்த அந்தப் பெயரறியாப் புலவர் யார்? மட்டக்குச்சியும் கூடையுமாக மலையேறிய ஒருவராகத்தான் இருத்தல் வேண்டும்.

பகற்சோறு, ஒகிய பக்கமாக இறங்கும் வழியில், கணித ஆசிரியரின் பெரியம்மா வீட்டில். லயத்தின் இஸ்தோப்பிலே பாய் விரித்திருந்தது. எழுபத்தேழு அகவை நிரம்பிய அம்மையார், நாற்பது ஆண்டுக்கு மேல் கொழுந்தெடுத்தவர். சுடுசோறு, பருப்பு, லீக்ஸ் வறை, நோக்கோல் குழம்பு, உருளைக்கிழங்குப் பிரட்டல், ரசம், பொரித்த மோர்மிளகாய் என்று வாழையிலை நிறைந்தது. காய்கறி யாவும் லயத்தின் பின்புறத்துச் சிறு தோட்டத்தில் விளைந்தவை. இலையில் நெருங்கி நின்ற சுவைகளை வரிசையிட்டுக் கூறுவது என் நோக்கமன்று. குளிரில் மூன்று மணி நேரம் நடந்து வந்த நால்வர், "இன்னுங் கொஞ்சம்" என்று சொல்வதற்கு முன்னரே அகப்பை வந்து நின்றது என்பதொன்றே போதும்.

நாங்கள் உண்ணும்போதும் பாலை பற்றிய வழக்கு ஓயவில்லை. அம்மையார் சிறிது நேரம் கேட்டிருந்துவிட்டு, "இம்புட்டுத் தூரம் வந்து மொட்டப் புல்லப் பாக்கவா வந்தீங்க? சாப்புட்டுப் பேசுங்க சாமி, சோறு ஆறிப்போகும்" என்றார். யாவரும் சிரித்தோம். பின்னர், அதென்ன பாலை என்று அவரே வினவினார். உரிய ஊரைவிட்டு ஒருவர் பிரிந்து போவதும், போகிற வழியும், பிரிந்ததை எண்ணி இருப்பவர் வருந்துவதும் பாலை என்று சுருங்கக் கூறினேன். அம்மையார் அகப்பையைக் கீழே வைத்தார்.

"அப்படின்னா எனக்குந் தெரியும்" என்றார். "எங்க தாத்தாவோட அப்பா மன்னார்ல எறங்கி மாத்தளைக்கு நடந்து வந்தவராம். கூட வந்ததுல பாதிப் பேர காட்டுலயே விட்டுட்டு வந்தாங்கன்னு அப்பத்தா சொல்லும். எனக்கு ஒரே தங்கச்சி. அவ புருசன் வீட்டுக்காரங்க இந்தியாவுக்கு எழுதிக் குடுத்தாங்க. நாங்க இலங்கைக்கு எழுதிக் குடுத்தோம். எழுவத்திரெண்டுல ஒகிய ஸ்டேசன்ல கோச்சி ஏத்திவிட்டோம். கோத்தகிரில இருந்து கடுதாசி போட்டா. 'அக்கா, இங்கயும் மலதான், இங்கயும் கொழுந்துதான், நீ மட்டுந்தான் இல்ல'ன்னு. அதுக்கப்புறம் அவ மொகத்த நான் பாக்கல."

இஸ்தோப்பில் எவரும் பேசவில்லை. கூத்து வாத்தியார் மட்டும் மெல்லிய குரலில், "காமன எரிச்சப்புறம் ரதி அழுவுற எடத்துல நம்ம பொம்பளைங்க எல்லாரும் சேந்து அழுவாங்க. அது ரதிக்காக மட்டும் அழுவுற அழுகையில்ல, ஐயா" என்றார்.

அம்மையார் கூறிய சில வாக்கியங்களிலே இரு நூற்றாண்டு வரலாறு அடங்கியிருக்கிறது. 1820களிற் கோப்பிப் பயிர்ச்செய்கை தொடங்கியது முதல், மதுரை, திருச்சி, சேலம், இராமநாதபுரம் முதலிய பகுதிகளிலிருந்து எளிய மக்கள் கங்காணிமாரின் பின்னே கடல் கடந்தனர். மன்னார்க் கரையிலிருந்து மாத்தளை வரை நூறு மைலுக்கு மேற்பட்ட காட்டு வழி. வாந்திபேதியும் அம்மையும் பசியும் வழிநெடுகப் பலி கொண்டன. அவ்வறண்ட காட்டிலே மிகுதியாக நிற்கும் மரத்துக்கு ஈழத்தார் இட்ட பெயரும் பாலையே. மன்னாரிற் பாலைக்குழி, முல்லைத்தீவில் இரணைப்பாலை என ஊர்ப்பெயர்களிலும் அது நிலைத்துள்ளது. சங்கநூற் பாலை மரம் எது என்பதில் அறிஞரிடையே கருத்து வேற்றுமை உண்டு. அதனை ஈண்டு விரிக்கவில்லை. பாலை மரங்களின் நிழலில் மக்கள் பாலையை நடந்தனர் என்பது மட்டும் மெய்.

1869இல் இலைநோய் கண்டு கோப்பி அழிந்தது. அதற்கு இரண்டாண்டு முன்னரே லூல்கந்துரையில் ஜேம்ஸ் டெயிலர் 19 ஏக்கரில் தேயிலை நட்டிருந்தார். கோப்பிக்குப் பருவந்தோறும் வந்து மீண்டவர், ஆண்டு முழுவதும் கொழுந்தெடுக்கும் தேயிலைக்கு இங்கேயே தங்க வேண்டியவராயினர். அவ்வாறு வேரூன்றியவரிற் பெரும்பாலோரை 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் நாடற்றவராக்கிற்று. 1964இற் செய்த சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் 9,75,000 பேரை எண்ணிக்கையாகப் பங்கிட்டது: 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, எஞ்சிய 1,50,000 பேர் பிறகு பார்ப்பதற்கு. அந்த எஞ்சியோரை 1974ஆம் ஆண்டு ஒப்பந்தம் சரிபாதியாகப் பிரித்தது. ஒரே தாய் வயிற்றில் பிறந்த அக்காளுக்கு ஒரு நாடும் தங்கைக்கு வேறு நாடும் வாய்த்தது இக்கணக்கினாலேயாம். நாடற்றவராக எஞ்சியிருந்தோர்க்கு 2003ஆம் ஆண்டுச் சட்டம் குடியுரிமை வழங்கும்போது, சென்றவர் சென்றே போயிருந்தனர்.

அகப்பொருட் பாலைக்கும் இதற்கும் வேறுபாடு இல்லையா என்று, திரும்பும் வழியிலே கணித ஆசிரியர் கேட்டார். உண்டு. அகப்பாடலிலே பொருள் தேடிச் சென்ற தலைவன் கார்காலத்தில் மீள்வான். அவனுக்காக ஆற்றியிருத்தலே முல்லையாகும். உடன்போக்கிற் சென்ற மகளையும் செவிலி தேடிச் சென்று, அவள் நலமுற வாழ்வது கேட்டு ஆறுவாள். பாலையின் முடிவிலே ஒரு முல்லையோ ஒரு மருதமோ காத்திருக்கும். மன்னார் வழியே வந்தவர்க்கும், தலைமன்னார் வழியே கப்பலேறிச் சென்றவர்க்கும் அந்த மீட்சி வாய்க்கவில்லை. ஆயினும் ஒப்புமை ஒன்றுண்டு. திணைகளுள் தனக்கென நிலமில்லாதது பாலை. இந்நாட்டின் மலைகளைப் பச்சையாக்கிய மக்களிலும், தம் பெயரில் ஒரு துண்டு நிலத்துக்கு உறுதி பெறாதோர் இன்னும் மிகப் பலர். எங்களுக்கு அறுசுவை படைத்த அந்த இஸ்தோப்பும், அக்காய்கறித் தோட்டமும் அம்மையாருக்குச் சொந்தமானவையல்ல.

நிலமில்லாத அத்திணையைப் புலவர் ஒதுக்கிவிடவில்லை என்பதையும் நாம் மறத்தலாகாது. அகநானூற்றைத் தொகுத்தோர் ஒற்றை எண்கள் அனைத்தையும் பாலைக்கே அளித்தனர். நானூறு பாடல்களுட் சரிபாதியாகிய 200 பாடல்கள் பாலை. மலையகத் தமிழரின் வரலாறு 200 ஆண்டை எட்டியதை நினைந்து, 2023இல் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை முன்னோர் நடந்த வழியிலே ஒரு கூட்டத்தார் நடந்து சென்றனர். இரு எண்களும் ஒன்றாயமைந்தது தற்செயலே. ஆனால் நிலமில்லாததற்கும் இலக்கியத்தில் பாதியிடம் கொடுத்த மரபுக்கு உரியவர் நாம் என்பதை நினைப்பதற்கு அத்தற்செயல் பயன்படுமாயின் நன்றே.

மலையகப் பாடசாலைகளில் தமிழ் கற்பிக்கும் ஆசிரிய அன்பர்களுக்கு ஒரு விண்ணப்பம். மடக்கொம்பரைத் தோட்டத்தில் பிறந்த கவிஞர் சி. வி. வேலுப்பிள்ளை தோட்டங்களிற் பாடப்பட்ட பாடல்களைத் தேடித் தொகுத்து, 1983இல் 'மலைநாட்டு மக்கள் பாடல்கள்' என்ற நூலாக்கினார். அவர் தொடங்கிய பணி முடிந்துவிடவில்லை. 1964க்குப்பின் கோத்தகிரியிலிருந்தும் கூடலூரிலிருந்தும் வந்த கடிதங்கள் லயத்துத் தகரப்பெட்டிகளிலே இன்னும் கிடக்கின்றன. அவற்றை வாங்கியவர்கள் எழுபதும் எண்பதும் கடந்தவர்கள். பாலைத்திணை படிப்பிக்கும் வாரத்திலே, பிள்ளைகளை வீட்டுக்கு அனுப்பி, "உங்கள் பாட்டி யாரைப் பிரிந்தார்? எந்த ஸ்டேசனில்? எந்த ஆண்டில்?" என்று கேட்டு எழுதி வரச் சொல்லுங்கள். கடிதமிருந்தால் படியெடுத்து வரச் சொல்லுங்கள். ஒட்டகம் தானே வகுப்பை விட்டு வெளியேறிவிடும். அந்தத் தாள்கள் ஒரு தொகுதியாய்ச் சேருமானால், தொகுத்தவர் பெயர் தெரியாமற் போயினும் தொகை நிலைக்கும்.